டீச்சரின் காரில் நீ மறைத்த விளக்கு

மச்சான்,

நேற்றுப் பின்னேரம் உன் மனைவி வசந்தி என் கடைக்கு வந்தாள். நான் ஒரு காரின் டாஷ்போர்ட்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். செருப்புச் சத்தம் கேட்டுத் தலையை நீட்டிப் பார்த்தால் அவள் நிற்கிறாள், கையில் ஒரு பெரிய கடித உறை. அதற்குள் உன் படம். தலைக்கு டை அடித்து, கோட் போட்டு, யாருடைய கலியாண வீட்டிலோ எடுத்தது. உன் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற நினைவு மலரின் அட்டைக்காம். நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அச்சகத்தில் ஒரு பிரதி அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மை வாசம் கூட இன்னும் போகவில்லை.

"அண்ணை, அவரைப் பற்றி உங்களுக்குத்தானே கூடத் தெரியும். ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. தேவாரத்துக்கும் திதி வெண்பாவுக்கும் பிறகு உங்கட பக்கத்தைத்தான் போடப் போறம்" என்றாள்.

"நான் என்னத்தை எழுத?"

"நடந்ததை எழுதுங்கோ. நீங்கள் உள்ளுக்க இருந்த காலத்தில அவர் உங்களுக்காக ஓடித் திரிஞ்சதை எழுதுங்கோ. பிள்ளையள் வாசிக்க வேணும்."

நடந்ததை எழுதச் சொல்லிவிட்டாள். எழுதுகிறேன். நீ பேசாமல் படத்துக்குள் இருந்து கேள். பேசாமல் இருப்பது உனக்குப் புதிதில்லையே.

மூன்று கிழமைக்கு முன்னால் உன் செத்த வீட்டிலும் இதே கதைதான். உன் சித்தப்பா முறையான ஒருவர் உன் தலைமாட்டில் நின்று பேசினார். "சண்டைக் காலத்தில ஆமியும் பொலிசும் ஆரைப் பிடிச்சாலும், தெரிஞ்சவன் எண்டு சொல்லவே சனம் பயந்தது. இவன் மட்டும் கிழமைக்குக் கிழமை சாப்பாட்டுப் பார்சலோட போய் நிண்டவன். இப்பிடி ஒரு சிநேகிதன் ஆருக்குக் கிடைக்கும்?" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். என்ன செய்ய, செத்தவன் பக்கத்தில் நின்றுகொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் உள்ளே கிடந்த எட்டு மாதமும் உனக்குத்தான் நல்ல பெயர் வாங்கித் தந்திருக்கிறது.

கொழும்பில், கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் உன் கராஜ். முன்பாதியில் உன் டிங்கரிங் வேலையும் பெயின்ற் வேலையும். பின்பாதியில் ஒரு மேசையும் ஒரு மல்டிமீற்றரும், அது என்னுடைய இராச்சியம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்த எனக்கு, வடக்கிலிருந்து வருகிறவர்கள் செய்ய வேண்டிய பொலிஸ் பதிவில் வேலை செய்யும் இடம் என்று காட்ட ஒரு விலாசம் தேவைப்பட்டது. நீ உன் விலாசத்தைத் தந்தாய். அந்த நன்றியை நான் மறைக்கப் போவதில்லை. அது இருந்தபடியால்தான் இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவன். சோதனைச் சாவடியில் மறித்தால் "மல்லி" என்று தம்பி முறை சொல்லித் தொடங்கி, அந்தப் பெடியனின் ஊர், அவன் அம்மாவின் சுகம், லீவு எப்போது என்பது வரைக்கும் விசாரித்து முடிப்பாய். அவனும் சிரித்துக்கொண்டு போகச் சொல்லுவான். நான் பக்கத்து சீற்றில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு ஊமையாக இருப்பேன். "நீ வாய் திறக்காதை, நான் கதைக்கிறன்" என்று முதலே சொல்லி வைத்திருப்பாய். எனக்காக நீ கதைப்பாய் என்ற நம்பிக்கை அப்படித்தான் எனக்குள் ஊறிப் போனது.

அந்தக் காலத்தில்தான் ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே வருகிற சின்னக் கார்களில் மின்சார ஸ்டியரிங் வரத் தொடங்கியிருந்தது. பழைய பவர் ஸ்டியரிங் என்றால் எண்ணெய் ஓடும், ஒழுகினால் நிலத்தில் தெரியும். இதில் எண்ணெயும் கிடையாது, பம்பும் கிடையாது. ஸ்டியரிங் தண்டில் ஒரு மோட்டர், அதை நடத்த ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, ஓட்டுகிறவர் எவ்வளவு பலமாகத் திருப்புகிறார் என்று அளக்க ஒரு சென்சர். பிழை கண்டால் டாஷ்போர்ட் மீற்றரில் மஞ்சள் விளக்கு எரியும், மோட்டர் நின்றுவிடும், பிறகு கைப்பலத்தால் திருப்ப வேண்டியதுதான். "மோட்டர் வைச்சுத் திருப்பிற ஆக்கள் பேசாமல் பஸ்ஸில போகலாம்" என்று நக்கலடிப்பாய். நக்கலடித்தாலும் அந்தக் கார்களைத் தொட உனக்குப் பயம். என் பக்கம் தள்ளிவிட்டுவிடுவாய்.

பம்பலப்பிட்டி டீச்சரை மறந்திருக்க மாட்டாய். கணக்குப் படிப்பித்தவர், தனியாக இருந்தவர், காரைத் தன் பிள்ளை மாதிரி வைத்திருந்தவர். முன்பக்கம் எங்கோ இடிபட்டு உன்னிடம் கொண்டு வந்திருந்தார். நீ நேராக்கி, வெள்ளி நிறத்தில் பெயின்ற் அடித்துக் கொடுத்தாய். நல்ல வேலை, அதில் குறை சொல்ல மாட்டேன். கிட்ட நின்று பார்த்தாலும் பழைய பெயின்ற் எது புதுப் பெயின்ற் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு கிழமையில் டீச்சர் திரும்பி வந்தார்.

"தம்பி, ஸ்டியரிங் திடீரெண்டு இறுகுது. மஞ்சள் லைற் எரியுது. ஓஃப் பண்ணித் திருப்பி ஸ்டார்ட் பண்ணினால் ஒண்டுமில்லை."

"எங்க வைச்சு டீச்சர்?" என்று நான் கேட்டேன்.

"செக்பொயின்ற்றில மட்டும்."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஆமியைக் கண்டால் எங்கள் எல்லாருக்கும் கை கால் இறுகும் டீச்சர். ஸ்டியரிங் என்ன செய்யும், பாவம்."

டீச்சர் சிரிக்கவில்லை. "நாலு தரம் வந்திட்டுது. நாலும் செக்பொயின்ற்றுக்குள்ள. எனக்குப் பயமெண்டால் லைற் ஏன் எரிய வேணும்?" என்றார். நான் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

காலி வீதியில் வெள்ளவத்தை வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ரயர்களில் காற்று சரி, ஸ்டியரிங்கில் ஆட்டம் இல்லை, தண்டில் சத்தம் இல்லை, பியூஸ் சரி, பற்றரி சரி. பிறகு சோதனை இணைப்பில் இரண்டு முனைகளை ஒரு வயர்த் துண்டால் தொடுத்தேன். கணினி வைத்துப் பார்க்க அப்போது நமக்கு வசதி இல்லை. அப்படித் தொடுத்தால் அந்த மஞ்சள் விளக்கே சிமிட்டிச் சிமிட்டித் தனக்கு என்ன வருத்தம், என்ன கோளாறு என்று சொல்லும். எத்தனை நெடில், எத்தனை குறில் என்று எண்ணிக் கொப்பியில் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வருகிற மின்சாரம் இடையில் குறைகிறது என்று அன்று அது சொன்னது. பற்றரியில் பன்னிரண்டரை வோல்ட் அசையாமல் நிற்கிறது, பிறகு எங்கே குறைகிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த நாள் காலை நான் வந்த பஸ்ஸைச் சாவடியில் நிறுத்தி எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். வரிசையில் நின்றபடி பக்கத்தில் போகிற கார்களைப் பார்த்தேன். கண்ணாடியை இறக்கியும் ஏசியை நிறுத்தாமல், நடை வேகத்தில், தார்ப் பீப்பாய்களுக்கு நடுவே முழுக்க இடது, முழுக்க வலது, மறுபடி முழுக்க இடது. ஓடுகிற காரில் சக்கரம் இலேசாகத் திரும்பும், மோட்டருக்கு வேலை குறைவு. அசையாத காரில் முழுக்கத் திருப்பும்போதுதான் அது மின்சாரத்தை வாரி இழுக்கும். கொழும்பில் ஒரு கார் அப்படி ஊர்ந்து ஊர்ந்து வளைந்து போவது ஒரே இடத்தில்தான். ஆமிக்காரன் என் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைப் பிளந்துகொண்டு அவனுடைய பீப்பாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கராஜுக்கு வந்ததும் உன் வெறும் பீப்பாய்கள் ஆறை உருட்டிக் கொண்டு போய் முற்றத்தில் வைத்தேன். சாவடியில் இருக்கிற அதே இடைவெளி, அதே வளைவு. மல்டிமீற்றரின் ஒரு வயரைப் பற்றரியின் நெகட்டிவ் முனையிலிருந்து நீட்டி ஜன்னலால் உள்ளே எடுத்தேன், மற்றதைக் காரின் உடம்பில் கடிக்கவிட்டேன். மீற்றரை மடியில் வைத்துக்கொண்டு ஏசியைப் போட்டு ஓட்டத் தொடங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதிலால் எட்டிப் பார்த்தார்கள்.

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "சனம் எப்ப செக்பொயின்ற் எல்லாம் எடுபடும் எண்டு பாத்துக்கொண்டிருக்குது. நீ கராஜுக்குள்ள ஒண்டு போட்டிருக்கிறாய்!"

மூன்றாவது சுற்றில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்டியரிங் இறுகியது. மடியில் இருந்த மீற்றர் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பற்றரி காரின் உடம்போடு சேருகிற எர்த் நல்லதென்றால் அது பூச்சியத்தை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நான் சந்தோசத்தில் சத்தம் போட்டு உன்னைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? பற்றரியிலிருந்து வருகிற கறுப்பு வயரை உடம்போடு சேர்த்து முடுக்கியிருந்த போல்ட்டை உனக்கு முன்னால்தான் கழற்றினேன். அடியில் வெறும் இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் உன் வெள்ளிப் பெயின்ற் பளபளத்தது. பெயின்ற் காய்ந்ததும் சுரண்டாமல் மேலேயே போல்ட்டை முடுக்கியிருந்தாய். ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடம்தான் மின்சாரத்தை மறித்தது. சாண்ட்பேப்பரால் தேய்க்க ஐந்து நிமிடம் போதும்.

உன் முகம் கறுத்துப் போனது.

"என்ர பெயின்ற்றில பிழையெண்டு டீச்சரிட்டச் சொல்லப் போறியோ?"

"பெயின்ற்றில பிழையில்லை மச்சான். போல்ட்டுக்குக் கீழ சுரண்ட மறந்திட்டாய், அவ்வளவுதான்."

"அவ இதை ஊரெல்லாம் சொல்லித் திரிவா. ஒரு போல்ட்டால ஸ்டியரிங் இறுகுமோ? நீயும் அவவும் சேர்ந்து எனக்கு வகுப்பெடுக்கிறியள்."

போல்ட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "சரி விடு. என்ர வேலை, நானே திருத்திக் குடுக்கிறன். நீ போய் உன்ர பதிவைப் புதுப்பிச்சுக்கொண்டு வா" என்றாய். அன்று எனக்குப் பொலிஸ் பதிவு முடிகிற நாள். போய்விட்டேன். சாண்ட்பேப்பர் என் மேசையிலேயே கிடந்தது. நானே தேய்த்துவிட்டுப் போயிருக்கலாம். உன்னை மட்டும் திட்டி இந்த இடத்தைத் தாண்ட எனக்கு மனமில்லை, என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

நீ போல்ட்டை இருந்தபடியே திரும்ப முடுக்கினாய். பிறகு மீற்றர்ப் பலகையைக் கழற்றி, அந்த மஞ்சள் விளக்கின் மேல் மாஸ்கிங் டேப்பை மூன்று மடிப்பாக ஒட்டினாய். அதற்கு எப்படியும் அரை மணித்தியாலம் பிடித்திருக்கும். ஐந்து நிமிடத்தில் வருத்தத்தை மாற்றியிருக்கலாம். அரை மணித்தியாலம் மினக்கெட்டு வருத்தம் வெளியே தெரியாமல் செய்தாய். விளக்கைக் கண்டுதான் டீச்சர் பயப்படுகிறார், விளக்கு இல்லாவிட்டால் பயமும் இல்லை என்று நினைத்தாயோ என்னவோ. இதை நானாகத்தான் ஊகித்துக்கொள்கிறேன். நீ ஒருநாளும் சொல்லவில்லையே.

ஐந்தாம் நாள் மத்தியானம், பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில், சாவடிப் பீப்பாய்களுக்கு நடுவே ஸ்டியரிங் இறுகியது. விளக்கு எரியவில்லை. எரிந்திருந்தால் டீச்சர் முன்னைப் போல நிறுத்தி, ஓஃப் பண்ணி, மறுபடி ஸ்டார்ட் பண்ணியிருப்பார். நீ திருத்திக் கொடுத்துவிட்டாய் என்று நம்பிப் பலம் கொண்ட மட்டும் திருப்பியிருக்கிறார். கார் நேராகப் போய்ப் பீப்பாயை இடித்துத் தள்ளியது. காவலில் நின்றவன் சுட்டான். முன் ரயர் இரண்டும் போயின. டீச்சரைக் கதவால் இழுத்து எடுத்ததில் தோள் எலும்பு முறிந்தது. காரைக் குடைந்து பார்த்தவர்கள் மீற்றருக்குள் மறைத்து ஒட்டியிருந்த டேப்பைக் கண்டார்கள். பின்னேரம் உன் கராஜ் வாசலில் ஜீப் வந்து நின்றது.

"கவுத கலே?" என்று கேட்டார்கள். யார் செய்தது என்று. நான் பின்பக்க மேசையில் இருந்தேன். எனக்காக நீ கதைப்பாய் என்று நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் இன்றைக்கு எனக்கே சிரிப்பு வருகிறது. என்னைக் காட்டி, வயர் வேலை முழுக்க இவனுடையது என்று சிங்களத்தில் சொன்னாய். பெயர், ஊர், வெள்ளவத்தை அறை விலாசம் எல்லாம் கேட்காமலே சொன்னாய். எனக்கும் அவ்வளவு சிங்களம் விளங்கும் என்பதை மறந்துவிட்டாய்.

முதல் நாள் என்னை விசாரித்த அதிகாரி டேப்பைப் பற்றிக் கேட்கவில்லை. பீப்பாய்களைப் பற்றித்தான் கேட்டார். அவர் தமிழ் நன்றாகக் கதைத்தார். "கராஜுக்குள்ள சாவடி மாதிரி வைச்சு ஓடிப் பழகினியாமே. ஆருக்காகப் பழகினாய்? எந்தச் சாவடிக்கு?" என்றார். "ஸ்டியரிங் பாக்கத்தான் சேர்" என்றேன். "ஒளிச்சுப் பிரயோசனமில்லை. உன்ர முதலாளியே எல்லாம் சொல்லிட்டார்" என்றார்.

நீ பொய் சொல்லவில்லை. பீப்பாய் வைத்தது உண்மை, ஓடியதும் உண்மை, பக்கத்து வீட்டார் பார்த்ததும் உண்மை. ஏன் வைத்தேன் என்பதை மட்டும் விழுங்கிவிட்டாய். அதைச் சொன்னால் போல்ட்டைச் சொல்ல வேண்டும், போல்ட்டைச் சொன்னால் பெயின்ற்றைச் சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பார்த்தேன். எர்த், பற்றரி, வயர், வோல்ட், சாவடியில் மட்டும் எப்படி மின்சாரம் குறைகிறது என்று ஒன்றுவிடாமல் விளக்கினேன். அவர் எழுதிக்கொண்டே போனார். அவர் எழுத எழுத எனக்குப் பயம் கூடியது. அந்த நாட்களில் ஒரு யாழ்ப்பாணத்தான் பற்றரி, வயர், சாவடி என்ற சொற்களை ஒரே மூச்சில் சொன்னால் யார்தான் ஸ்டியரிங்கை நினைப்பார்கள்?

இரண்டாம் நாள் டீச்சரின் காரிலிருந்து கழற்றிய மீற்றர்ப் பலகையைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்கள். பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. நான் என் சீவியத்தில் வயருக்குக் கறுப்பு டேப் தவிர வேறொன்றும் ஒட்டியதில்லை. அது கடதாசி டேப். பெயின்ற் அடிக்கும்போது கண்ணாடி ஓரங்களை மூட ஒட்டுகிற டேப். ஓரத்தில் வெள்ளிப் பெயின்ற் விரல் அடையாளம் கூட இருந்தது.

"இது ஆர் ஒட்டினது?"

ஒரு சொல் சொல்லியிருந்தால் பொழுதுபடுவதற்குள் உன்னையும் ஜீப்பில் ஏற்றியிருப்பார்கள். வசந்திக்கு அப்போது வயிற்றில் எட்டு மாதம். இரண்டு பேரும் உள்ளே போனால் வெளியில் நின்று உண்மையைச் சொல்ல ஆளில்லை என்றும் யோசித்தேன். "தெரியாது சேர்" என்றேன். அந்தச் சொல்லுக்காக என்னென்ன பட்டேன் என்பதை நினைவு மலரில் எழுத முடியாது. இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது என்பது மட்டும் போதும். நீ என்னைக் காட்டிக் கொடுத்தாய். நான் உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. உன் நினைவு மலரில் இது வர வேண்டும்.

பிறகு அந்தச் சனிக்கிழமைகள். எட்டு மாதமும் ஒரு சனி தவறாமல் மத்தியானத்தில் வந்தாய். வசந்தி அவித்த இடியப்பமும் சம்பலும் பார்சலாக. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "சாப்பிடு, உடம்பைப் பாத்துக்கொள், வக்கீலோட கதைச்சிருக்கிறன்" என்பாய். நான் உன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இன்றைக்குச் சொல்லுவான். டேப் என்னுடையது, நான் போய்ச் சொல்லுகிறேன் என்று இன்றைக்குச் சொல்லுவான். மகள் பிறந்த கிழமை கற்கண்டு கொண்டு வந்தாய். "பொம்பிளைப் பிள்ளை மச்சான்" என்று கண் கலங்கினாய். சரி, பிள்ளையும் சுகமாகப் பிறந்துவிட்டது, இனிச் சொல்லிவிடுவான் என்று கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். நீ நேரத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப அடுத்த சனி வாறன்" என்றாய்.

ஒன்றும் நிரூபிக்க முடியாமல் என்னை விட்டபோது, பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைத்ததும் நீதான். அதனால் விலாசம் மாறக் கூடாது, உன் கராஜிலேயே வேலை செய்ய வேண்டும். என்னை உள்ளே தள்ளியவனின் கையெழுத்தில்தான் நான் வெளியே வந்தேன். ஒழுங்கை முழுக்க உன்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. சண்டை முடிகிற வரைக்கும் உன் முற்றத்தில், அந்தப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தேன்.

பிறகு வெள்ளவத்தையில் எனக்கென்று ஒரு சின்னக் கடை போட்டேன். திறப்பு விழாவுக்கு நீ பழத்தட்டோடு வந்தாய். எதிர்த் தேநீர்க் கடைக்கு உன்னைக் கூட்டிப் போய், எதிரே இருத்தி, நேராகக் கேட்டேன்.

"டீச்சரின்ர மீற்றருக்குள்ள ஒட்டின மாஸ்கிங் டேப் ஞாபகம் இருக்கோ?"

நீ கரண்டியால் சீனி கலக்கிக்கொண்டிருந்தாய். கை நின்றது. மறுபடியும் கலக்கினாய். "பழசெல்லாம் ஏன் மச்சான் இப்ப? ஆறப் போகுது, குடி" என்றாய். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும் என்று அன்றைக்கு உறுதியாகிவிட்டது. அது தெரிந்த பிறகும் என் வீட்டு விசேசங்களுக்கு வந்து, முன்வரிசையில் இருந்து, என் தோளில் கை போட்டுப் படம் எடுத்தாயே, அந்தத் துணிச்சலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன்னை என்ன செய்யலாம் என்று எத்தனை திட்டம் போட்டிருக்கிறேன் தெரியுமா? உன் மகள் பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்லிவிட நினைத்தேன். நீயும் ஒரு மின்சார ஸ்டியரிங் கார் வாங்கினாயே, அது சத்தம் போடுகிறதென்று என்னிடம் கொண்டு வந்தபோது, அதன் எர்த் போல்ட்டுக்குக் கீழே ஒரு கடதாசித் துண்டை வைத்துவிட நினைத்தேன். சந்தியில் நடு வீதியில் இறுகட்டும், உன்னையும் நாலு பேர் வேடிக்கை பார்க்கட்டும் என்று. கடதாசியைக் கிழித்தும் வைத்தேன். கை போகவில்லை. சத்தம் எங்கே என்று தேடி, தண்டின் மூட்டைச் சரிசெய்து, போல்ட்டையும் துடைத்து முடுக்கித் தந்துவிட்டேன். அன்று முழுக்க என் கைகள் மேலேயே எனக்கு ஆத்திரம்.

நீ காலைத் தேநீரோடு கதிரையில் சாய்ந்தவன் அப்படியே போய்விட்டாய் என்று தொலைபேசியில் சொன்னார்கள். தப்பிவிட்டான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது. மனம் உன்னைத் தேடுகிறது மச்சான், பின்னேரங்களில் நன்றாகவே தேடுகிறது. அதற்கும் சேர்த்து உன் மேல் கோபம்.

இன்று காலை இவ்வளவையும் டீச்சருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இப்போதும் பம்பலப்பிட்டியில்தான் இருக்கிறார். அன்றைக்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, பஸ்ஸில்தான் போய் வந்தார். வலது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. கரும்பலகையின் மேல்பாதியில் எழுத முடியாமல் முன்கூட்டியே ஓய்வு எடுத்தவர். முழுவதையும் இடைமறிக்காமல் கேட்டார்.

"ஒரு இடம் பிழை" என்றார்.

"எந்த இடம் டீச்சர்?"

"தோள் எலும்பு இல்லை. காறை எலும்பு. திருத்திப் போட்டுக் குடு."

"அப்ப, போடட்டோ?"

"இதை ஆரும் சொல்லுவினமோ எண்டு நான் காத்துக்கொண்டிருக்கிறது உனக்குத் தெரியாதோ? விளக்கு எரிஞ்சதை நான் பாக்காமல் ஓடினது எண்டுதான் இண்டைக்கும் என்ர தங்கச்சி சொல்லுறா. போடு தம்பி."

எனக்கு மட்டும்தான் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நான் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்த வருடங்கள் முழுக்க டீச்சர் தன் சொந்தத்துக்குள்ளேயே பிழைகாரியாக இருந்திருக்கிறார். நீ மறைத்ததை நானும் சேர்ந்து மறைத்திருக்கிறேன். அதைக் கேட்ட பிறகு எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச யோசனையும் போய்விட்டது.

உன்னால் எனக்குச் சில பழக்கங்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. எந்தக் கார் வந்தாலும் முதலில் சாவியை மட்டும் போட்டு, மீற்றரில் எரிய வேண்டிய விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று விரல் விட்டு எண்ணுவேன். ஒன்று குறைந்தாலும் வேறு வேலை தொடங்க மாட்டேன். வாடிக்கையாளர்கள் என்னைக் கிறுக்கன் என்கிறார்கள். சனிக்கிழமை மத்தியானங்களில் எனக்குப் பசிப்பதில்லை. இடியப்பத்தை நான் வேறு நாளில்தான் சாப்பிடுவேன்.

நாளைக் காலை வசந்தி வருவாள். அவள் எனக்கு ஒரு குற்றமும் செய்யவில்லை, வயிற்றுப் பிள்ளையோடு நின்று எனக்காக அடுப்பில் வெந்தவள். அதனால் அச்சகத்துக்குக் கொடுக்காமல் அவள் கையிலேயே கொடுக்கப் போகிறேன். இங்கேயே இருத்தி வாசிக்கச் சொல்லப் போகிறேன். அவளுக்கு நோகும். கோபத்தில் கிழித்தாலும் கிழிப்பாள், இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். வாசித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணை, இதைக் கொஞ்சம் மாத்தி எழுத ஏலாதோ?" என்றுதான் கேட்பாள்.

இதை மாற்றக்கூடிய ஆள் ஒருவன்தான் இருந்தான் பிள்ளை, அவனுக்கு நான் எட்டு மாதச் சனிக்கிழமைகளும் அதற்குப் பிறகு பதினைந்து வருடமும் கொடுத்தேன் என்று அவளுக்குச் சொல்லுவேன்.